அழைப்பவர் யார், அழைக்காதவர் யார்

தொலைவழி மனநலச் சேவை என்ற பெயருக்குள் மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கும். முதலாவது உதவி எண். மனம் கனத்துப்போன ஒருவர் தானே போனை எடுத்து எண்ணை அழுத்துகிறார். மறுமுனையில் ஆலோசகர் பேசுகிறார். இரண்டாவது நேரடி வீடியோ ஆலோசனை. முன்பதிவு செய்து, செல்போன் திரையில் மனநல மருத்துவரைச் சந்திப்பது இது. மூன்றாவது, துணையோடு நடக்கும் ஆலோசனை. நோயாளி தன் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வருகிறார். அங்குள்ள செவிலியர் வேறோர் ஊரிலிருக்கும் மருத்துவரோடு அவரை இணைத்துவைக்கிறார். இந்த மூன்றையும் பயன்படுத்துவோர் ஒரே மக்கள் அல்லர். வயது, பாலினம், படிப்பு, வருமானம், மொழி, வேலை நேரம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவருகின்றன, இன்னொரு கூட்டத்தை வெளியே நிறுத்துகின்றன.

இதைப் பார்க்கத் திருவள்ளூர் மாவட்டம் பொருத்தமான இடம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த இம்மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். தென்கிழக்கில் சென்னையின் விளிம்பு. வடக்கில் ஆந்திர எல்லை. நடுவில் நெல்வயலும் செங்கல் சூளையும். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும் இரும்பு உருக்காலைகளும். திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள மணவாள நகர், தொழிலாளர்கள் நிறைந்த குடியிருப்பு. காக்களூர் தொழிற்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போவோர் இங்கே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸின் நேரம்தான் இப்பகுதியின் கடிகாரம். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் ஆள், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண், ஒடிசாவிலிருந்து சூளைக்கு வந்த குடும்பம், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருக்கும் முதியவர் என்று பல வகை மக்கள் சில மைல்களுக்குள் இருக்கிறார்கள். கையில் உள்ள உதவி எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எட்டும் வழி ஒவ்வொருவருக்கும் வேறு.

சேவை வந்த வழி

தொலைவிலிருந்து மனத்துக்கு மருத்துவம் பார்ப்பது செல்போன் காலத்துக்கு முந்தைய முயற்சி. லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அதிலிருந்து சமாரிட்டன்ஸ் அமைப்பு வளர்ந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1959இல் இருவழித் தொலைக்காட்சி மூலம் சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா, தற்கொலைத் தடுப்புக்காகத் தன்னார்வலர்களைக் கொண்டு தொலைபேசியில் பேசத் தொடங்கியது. வீட்டில் தொலைபேசி இருப்பதே வசதியின் அடையாளமாக இருந்த காலம் அது. உதவி எண்ணைப் பயன்படுத்தக்கூடியவர் யார் என்பதை வருமானம் அப்போதே முடிவு செய்துவிட்டது.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை வேறு வழியில் போனது. 2004 சுனாமிக்குப் பிறகு வீடியோ இணைப்பு மூலம் தொலைவிலுள்ள மக்களைப் பார்க்கத் தொடங்கிய இந்நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை மருத்துவ அறையாக மாற்றி ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் திரையில் சென்னையிலுள்ள மனநல மருத்துவர் தெரிவார். உடனிருக்கும் பணியாளர் குடும்பத்தாரின் விவரங்களைச் சொல்லி உதவுவார். மருந்துச் சீட்டு பேருந்திலேயே வரும். மருந்தும் அங்கேயே கிடைக்கும், காசில்லாமல். நோயாளியிடம் போன் இருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பஸ் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ளவர்கள் தாமாக ஓர் எண்ணை அழைத்து உதவி கேட்பது அரிது என்பதை முன்கூட்டியே உணர்ந்து வடிவமைத்த சேவை அது. பின்னால் வந்த பல செயலிகளுக்கு இந்தத் தெளிவு இல்லை.

2013 இறுதியில் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண் வந்தது. மனநல ஆலோசனையும் அதில் சேர்ந்தது. பொதுத்தேர்வு, நீட் தேர்வு முடிவுகளின்போது மாணவர்களை அழைத்துப் பேசும் பணியும் அதன் வழியாகவே நடந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 25 அன்று, நடுவண் அரசின் தொலைமருத்துவ நடைமுறை விதிகள் வெளியாயின. மருத்துவர் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாமா என்று அதுவரை இருந்த குழப்பம் தீர்ந்தது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தைத் தலைமை மையமாகக் கொண்டு டெலி மானஸ் என்ற தேசியச் சேவை தொடங்கியது. எண் 14416. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் அதே மாதம் நடைமுறைக்கு வந்தது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் அவர் மனநல மருத்துவருக்கோ, மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார்.

தேவையும் பயன்பாடும்

நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. மதுப்பழக்கக் கோளாறில் சிகிச்சை பெறாதோர் 86 விழுக்காடு. கடும் மனநோய்களில்கூட 73 விழுக்காட்டுக்கு மேல். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் வர வேண்டுமானால் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி மாறித்தான் வர வேண்டும். இரண்டும் வெவ்வேறு தடங்கள். பேருந்தில் பெரியபாளையம் வழியாக வரலாம், அரை நாள் போய்விடும். ஒரு நாள் கூலியும் போகும். தொலைவழிச் சேவையின் நியாயம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அந்தச் சேவையை எடுத்துக்கொள்பவர் யார்? டெலி மானஸை அழைப்பவர்களில் பாதிக்கு மேல் ஆண்கள். பெரும்பகுதி 18 முதல் 45 வயதுக்குள் என்று அரசு வெளியிட்ட விவரங்கள் காட்டுகின்றன. அவர்கள் சொல்லும் தொல்லைகளில் தூக்கமின்மை, மனவருத்தம், மன அழுத்தம், பதற்றம் ஆகியவை முன்னிற்கின்றன. இந்த விவரத்தைப் படிப்பவர், இளம் ஆண்களுக்குத்தான் மனத்துயர் அதிகம் என்று முடிவுகட்டிவிடக்கூடும். அப்படி முடிவுகட்டுவது பிழை.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் 100 ஆண்கள், 100 பெண்கள். ஆண்களில் 90 பேரிடம் சொந்த போன் உண்டு. பெண்களில் 54 பேரிடம் உண்டு. துயரமும் அழைக்கும் மனமும் இருபாலருக்கும் சமம் என்று வைத்தால், அழைப்புகள் 90க்கு 54 என்ற விகிதத்தில் வரும். அதாவது அழைப்பவர்களில் 62 விழுக்காட்டுக்கு மேல் ஆண்கள். இப்போது பெண்களின் துயரத்தை ஒன்றரை மடங்காக்கினால் விகிதம் 90க்கு 81. அப்போதும் பதிவேட்டில் ஆண்களே பாதிக்கு மேல். துயரம் ஒரு பக்கம் கூடியிருக்க, புள்ளிவிவரம் மறுபக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆண்களுக்கான 90 கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். பெண்களுக்கான 54 அப்படி இல்லை: 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் உள்ள இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. தமிழ்நாட்டில் நிலைமை மேல். ஏறக்குறைய நான்கில் மூன்று பெண்களிடம் போன் உண்டு. இணையத்துக்கு வந்தால் இடைவெளி மறுபடி விரிகிறது. அகில இந்திய அளவில் ஒருமுறையேனும் இணையம் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப் பேர் அந்த எல்லையைத் தொடவில்லை.

பாலினம்

அமெரிக்காவில் 2021இல் தொலைமருத்துவம் பயன்படுத்திய பெரியவர்கள் பெண்களில் 42 விழுக்காடு, ஆண்களில் 32 விழுக்காடு. அங்கே பெண்கள் முந்துகிறார்கள். இந்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் அப்படியே: பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டிய 2023 தொடக்கத்தில், பயனாளிகளில் 57 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று அரசு அறிவித்தது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், உதவி எண்ணில் ஆண்கள் மிகுதி, இ-சஞ்சீவனியில் பெண்கள் மிகுதி. இ-சஞ்சீவனி எல்லா நோய்களுக்குமானது. மனநலம் அதில் ஒரு பகுதிதான். ஆகவே இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இ-சஞ்சீவனியின் பெரும்பகுதி துணையோடு நடக்கும் ஆலோசனை. பெண்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும், சர்க்கரை மாத்திரை வாங்கவும் போகும் அதே துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் திரையைத் திறந்துவைக்கிறார். சொந்த போன் வேண்டாம். வீட்டில் காரணம் சொல்ல வேண்டாம்.

வீட்டில் காரணம் சொல்ல வேண்டியிருப்பது சாதாரணத் தடை இல்லை. மணவாள நகர் போன்ற இடங்களில் லைன் வீடுகள் உண்டு: ஒரே கூரையின்கீழ் வரிசையாக நான்கைந்து குடித்தனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும், பொதுவாக ஒரு குழாயும் கழிப்பறையும். பக்கத்து வீட்டு மிக்சி ஓடுவது கேட்கும் என்றால், இந்த வீட்டு அழுகையும் அங்கே கேட்கும். மாமியார் ஹாலில் இருக்க, பிள்ளை படித்துக்கொண்டிருக்க, ஒரு பெண் நாற்பது நிமிடம் போனில் தன் மனத்தைத் திறந்து பேச வேண்டுமானால் மொட்டை மாடிதான் இடம். ஏன் இவ்வளவு நேரம் மாடியில் நிற்கிறாள் என்ற கேள்வி கீழே காத்திருக்கும். ரீசார்ஜ் செய்வது கணவர். யாரிடம் பேசினாய் என்று அழைப்புப் பட்டியலைப் பார்ப்பதும் பல வீடுகளில் நடப்பதே. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு, அழைத்த எண் போனில் பதிந்து கிடப்பதே ஆபத்து. கட்டணமில்லாச் சேவை என்ற விளம்பரம் இத்தகைய செலவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆண்கள் பக்கத்தையும் எளிதாகக் கடந்துபோக முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். அந்த ஆண்டு மாநிலங்களில் தமிழ்நாடு இரண்டாம் இடத்தில் இருந்தது. நேரில் மருத்துவரிடம் போவதை ஆண் பலவீனமாக நினைக்கிறான். சென்னையின் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசவாக ஆக்கிவைத்திருக்கும் சமூகத்தில் அந்தத் தயக்கம் புரியக்கூடியதே. 1794இல் தொடங்கி இன்றுவரை எண்ணற்றோரைக் காப்பாற்றிவரும் அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு இப்படி ஒரு கைம்மாறு நேர்ந்திருப்பது வருத்தத்துக்குரியது. முகம் தெரியாத, பெயர் சொல்லத் தேவையில்லாத உதவி எண் அந்தத் தயக்கத்தைக் குறைக்கிறது. எனவே உதவி எண்ணில் ஆண்கள் மிகுந்திருப்பதற்குப் போன் ஒரு காரணம் என்றால், மறைவு இன்னொரு காரணம். மருத்துவமனையை எட்டாத ஆண்களில் ஒரு பகுதியை இந்த வழி எட்டியிருக்கிறது என்பதும் உண்மை.

புள்ளிவிவரத்தில் மறைந்து கிடக்கும் இன்னொரு சிக்கல், அழைப்பவரும் நோயாளியும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பது. கணவரின் குடிப்பழக்கத்துக்காக மனைவி அழைக்கிறார். மகனின் மனச்சிதைவுக்காகத் தாய் அழைக்கிறார். தாத்தாவின் மறதிநோய்க்காகப் பேத்தி அழைக்கிறாள். பதிவேட்டில் எழுதுவது யாருடைய வயது, யாருடைய பாலினம்? சேவைக்குச் சேவை இது மாறும். அதுபோல அழைப்புகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றில்லை. ஒருவரே பத்து முறை அழைக்கலாம். படிப்பு, வருமானம், சாதி போன்ற விவரங்கள் உதவி எண்களின் பதிவில் பெரும்பாலும் இருக்காது. அழுதுகொண்டிருப்பவரிடம் மாத வருமானம் என்ன என்று கேட்டால் போனை வைத்துவிடுவார். கேட்காமல் விடுவதுதான் சரி. ஆனால் அதன் விளைவாக, ஏழைகள் எத்தனை பேர் அழைக்கிறார்கள் என்ற மிக முக்கியமான கேள்விக்கு மறைமுகமாகவே விடை தேட வேண்டியிருக்கிறது.

வயது

பொதுவான தொலைமருத்துவத்தில் வயது ஏற ஏறப் பயன்பாடு கூடுவதை அமெரிக்க விவரங்கள் காட்டுகின்றன. முதியவர்களுக்கு நோய்கள் அதிகம், மருத்துவரோடு தொடர்பும் அதிகம். மனநல உதவி எண்ணில் இது தலைகீழ்: இளைஞர்கள் குவிகிறார்கள், முதியவர்கள் குறைகிறார்கள். பட்டன் போனில் பச்சைப் பொத்தானை அழுத்தி மகனை அழைக்கத் தெரிந்தவருக்கு, மொழியைத் தேர்ந்தெடுக்க ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று பதிவு செய்த குரல் சொல்லும்போது கை தடுமாறும். காது மந்தமாகியிருந்தால் அந்தக் குரலாலும் பயனில்லை. இதற்கும் மேலாக, அந்தத் தலைமுறை மனத்துயரை மனத்துயராகச் சொல்வதில்லை. உடம்பு அசதி, நெஞ்சு படபடப்பு, தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்பவர் மனநல எண்ணை அழைக்க மாட்டார். பொது மருத்துவரிடமோ, வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலரிடமோ சொல்லுவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வருகிறது. முதியவர்களைப் பொறுத்தவரை தொலைவழி மனநலச் சேவைக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இருப்பதாகத் தெரியவில்லை: தெரிந்த முகம், தெரிந்த வீடு, கையில் ஒரு செல்போன்.

பதின்வயதினர் நிலை வேறு. போனை அவர்களைவிடத் திறமையாகக் கையாள்பவர் வீட்டில் யாருமில்லை. ஆனால் சிறாருக்குத் தொலைவழி மருத்துவ ஆலோசனை தர, அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. பாதுகாப்பு நோக்கில் விதி சரியே. பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் பிள்ளை வழி தேடுகிறது என்னும் இடத்தில் அதே விதி கதவை அடைத்துவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் உதவி எண்ணின் ஆலோசகர் நிற்கிறார். மருந்து எழுதாமல் பேசவும் கேட்கவும் அவரால் முடியும். தமிழ்நாட்டில் 2021 நீட் தேர்வை அடுத்து, அரசே மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசும் முறையைப் பெரிய அளவில் நடத்தியது. பிள்ளை அழைக்கும்வரை காத்திராமல் சேவையே முந்திக்கொண்டு அழைத்தால், போன் யாரிடம் இருக்கிறது, யாருக்குத் துணிச்சல் இருக்கிறது என்ற வடிகட்டிகள் பாதி விலகிவிடுகின்றன.

ஷிப்ட், கூலி, மொழி

தொழிற்பகுதிகளில் மக்கள்தொகைக் கூறுகளோடு ஒரு கூறு கூடுதலாகச் சேர்கிறது. அதுதான் வேலை நேரம். வாரம் ஒருமுறை பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாறும் உடல், ஒளியையும் இருளையும் கொண்டு தன் உள்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் முன்பே அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது. இரவு வேலை முடித்துக் காலையில் திரும்புபவர் தகரக் கூரையின் வெக்கையில், தெருச் சத்தத்தில் தூங்கப் பார்க்கிறார். தூக்கம் கெட்டால் மனநிலை கெடுகிறது, மனநிலை கெட்டால் தூக்கம் கெடுகிறது. உதவி எண்ணுக்கு வரும் முறையீடுகளில் தூக்கமின்மை முன்வரிசையில் நிற்பதற்கு உழைக்கும் வயதினர் அதிகமாக அழைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் மட்டும் நடக்கும் புறநோயாளிப் பிரிவு இவர்களுக்கு எட்டாது. இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் எண் எட்டும். ஆனால் பல தொழிற்சாலைகளில் உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. உள்ளே நுழையும்போதே லாக்கரில் வைத்துவிட வேண்டும். மிச்சமிருப்பது உணவு இடைவேளையும் பஸ் பயணமும். பக்கத்து இருக்கையில் உடன்வேலை செய்பவர் இருக்கும் பஸ்ஸில் யாரும் மனம்விட்டுப் பேச முடியாது.

வருமானம் இங்கே மேலும் கூராகப் பிரிக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில, தம் ஊழியர்களுக்கென்று தனியார் ஆலோசனைச் சேவைகளை ஒப்பந்தம் செய்து வைத்திருக்கின்றன. அது நிரந்தர ஊழியருக்குக் கிடைக்கும். அதே இயந்திரத்தில் அவருக்கு அடுத்து நிற்கும் கான்ட்ராக்ட் ஆளுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, ஆனால் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான். கட்டணம் வாங்கும் செயலிகளோ ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகின்றன. அவற்றின் பயனாளிகள் நகரத்து, படித்த, இளம் வயதினராக இருப்பதில் வியப்பில்லை. அதே இளைஞர்களின் விவரங்களைக் கொண்டு எழுதப்படும் ஆய்வுகள், தொலைவழிச் சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருகிறது என்று முடிக்கும்போதுதான் சிக்கல். சூளையில் கல் அறுப்பவர் அந்த ஆய்வில் ஒரு வரியாகக்கூட இல்லை.

மொழி இந்த மாவட்டத்தில் ஓரத்துப் பிரச்சினை இல்லை. ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. உருக்காலைகளிலும் கட்டுமானத்திலும் ஒடியா, இந்தி, வங்காளம் பேசுவோர் வேலை செய்கிறார்கள். டெலி மானஸ் 20 மொழிகளில் இயங்குவது இவர்களுக்கு மிகப் பெரிய வாய்ப்பு. திருவள்ளூர் மருத்துவமனையில் ஒடியா தெரிந்த மருத்துவர் இருப்பது தற்செயல். போனில் அது ஏற்பாடு. நேரில் கிடைக்கும் சிகிச்சையைவிடத் தொலைவழிச் சிகிச்சை ஐயமின்றி மேலாக இருக்கும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆனால் ஆலோசகர் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லும்போது, அருகிலுள்ள மருத்துவமனையின் மொழி மறுபடி தமிழாகிவிடுகிறது. புலம்பெயர் தொழிலாளியின் தொடர்ச்சிகிச்சை அந்த இடத்தில் அறுந்துபோக வாய்ப்பு அதிகம்.

மொழி ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரையும் கடல் பயணத்தையும் கண்ட பெற்றோர், முகாமிலேயே பிறந்து வளர்ந்து குடியுரிமை இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் என்று இரண்டு தலைமுறைகளின் வேதனை அங்கே உண்டு. பெயர்ப் பதிவும் ஆள் கணக்கெடுப்பும் அன்றாடமாகிவிட்ட வாழ்வில், அரசு எண்ணை அழைத்து மனத்தைத் திறப்பது மற்றவர்களுக்குப் போல எளிதாக இராது. இவர்களுக்குத் தேவை ஏற்கெனவே முகாமுக்கு வந்துபோகும் ஒரு மனிதர், அவர் கையில் இணைப்பு.

குரலிலிருந்து திரைக்கு

எந்தக் கோளாறு என்பதும் பயனாளரைப் பிரிக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்குக் குரல் வழி ஆலோசனை வெகுதூரம் உதவும். மனச்சிதைவில் நோயாளியின் முகபாவம், உடல் அசைவு, தன்னைப் பேணும் விதம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். மருந்தின் பக்கவிளைவாக வரும் கை நடுக்கம் குரலில் தெரியாது. மேலும், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளைத் தொலைவழியில் எழுத 2020 விதிகள் தடை விதிக்கின்றன. ஆகவே கடும் நோயாளிகளுக்குப் போன் சேவை தொடர் கவனிப்புக்கு உதவும். முதல் சந்திப்பு நேரில் அல்லது வீடியோவில் நடப்பது நல்லது.

2024 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் செயலியும் வீடியோ ஆலோசனையும் அறிமுகமாயின. வீடியோ முதலில் வந்த இடங்களில் கர்நாடகத்தோடும் ஜம்மு காஷ்மீரோடும் தமிழ்நாடும் ஒன்று. மருத்துவத் தரத்தில் இது முன்னேற்றம். பயனாளர் விகிதத்தில் இது என்ன செய்யும் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். குரல் அழைப்புக்குப் பட்டன் போன் போதும். வீடியோவுக்கு ஸ்மார்ட்போனும், தீராத நெட் பேக்கும், முகத்தில் வெளிச்சம் விழும் ஓர் அறையும் வேண்டும். முதியவர்களும் ஏழைகளும் வீடியோவைவிடக் குரல் அழைப்பையே அதிகம் நாடுவது அமெரிக்க ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த செய்தி. மணவாள நகரின் லைன் வீட்டில் இருப்பவருக்கும் அதே நிலைதான். குரல் வழியைச் சுருக்கிவிட்டு வீடியோவை விரித்தால், ஏற்கெனவே வசதி உள்ளவர்களின் பங்கு கூடும். குரல் வழியை அப்படியே வைத்து, வீடியோவைச் சுகாதார நிலையத்தின் ஓர் அறையில், செவிலியரின் துணையோடு கொடுத்தால் பெண்களும் முதியவர்களும் கூடுவார்கள் என்று இ-சஞ்சீவனியின் அனுபவம் சொல்கிறது. அதை அளந்து அறிய, மாவட்ட மனநலத் திட்டத்தின் பதிவேட்டில் இரண்டு விவரங்களைக் கூடுதலாகக் குறித்துவைத்தால் போதும்: பேசியவர் நோயாளியா, நோயாளிக்காகப் பேசியவரா, பேசிய போன் யாருடையது.